அக்கரையில் தேடுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பாலம், கான்கிரீட்னு ஆரம்பிச்சுடாதேப்பா, சாப்பாட்டு நேரம்" என்று எச்சரித்துத்தான் அழைத்தார். ஆகவே பாலத்தை விட்டுவிட்டு, கல்யாணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். என் கல்யாணம் அல்ல. ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்த, யாருக்கும் தெரியாத இரண்டு ஏழைகளின் கல்யாணம்.

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் இங்கிலாந்தின் தென்மேற்கே பிளிமத் நகரில் இருந்தேன். ஊரை ஒட்டி டேமர் என்று ஓர் ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே டெவன், மேற்கே கார்ன்வால். இரண்டும் தனித்தனி கவுன்ட்டிகள், நம்மூர் மாவட்டங்கள் மாதிரி. ஆற்றின் மேல் ப்ரூனெல் கட்டிய சால்டாஷ் ரயில் பாலம் 1859-ல் திறக்கப்பட்டது. நாம் பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறோமே, அதேதான். (சரி, பாலம் வந்துவிட்டது. செயலாளர் மன்னிக்கவும்.)

நான் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் இருந்தார். கப்பல் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று, கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய தாளில் வம்சாவளி எழுதி மாட்டியிருந்தார். ஆண்கள் பெயர் வரிசையாக இருக்கும். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயருக்குப் பக்கத்தில், மனைவி என்ற இடத்தில் மட்டும் ஒரு காலிக் கட்டம். பதினான்கு வருடமாக அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்றார். பேத்திக்குக் கொடுப்பதற்குள் நிரப்பிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. "எழுத்து எனக்குத் தெரியலை. நீங்க வாசிச்சுச் சொன்னா போதும்" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை டீயும் கேக்கும் உண்டு என்றார். ஹாஸ்டல் பையன் மறுப்பேனா?

அந்த முன்னோர் கார்ன்வாலில் ரெட்ரூத் ஊருக்குப் பக்கத்தில் குவெனப் என்ற பங்கைச் சேர்ந்தவர். தாமிரச் சுரங்கத் தொழிலாளி. பிறந்ததும் அங்கே, புதைத்ததும் அங்கே. ஆகவே கல்யாணமும் அங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். குவெனப் பதிவேட்டைப் பார்த்தார், இல்லை. பக்கத்துப் பங்கு, அதற்கடுத்த பங்கு என்று விரித்துக்கொண்டே போய்க் கார்ன்வால் முழுவதும் சல்லடை போட்டுவிட்டார். இல்லவே இல்லை. "ஏடு தொலைஞ்சு போயிருக்கும், இல்லைன்னா அவங்க கல்யாணமே பண்ணிக்கலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

எனக்கு நம் சர்வே கேம்ப் ஞாபகம் வந்தது. ட்ராவர்ஸ் க்ளோஸ் ஆகவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? நைசாக ஒரு ரீடிங்கை மாற்றி எழுதி க்ளோஸ் பண்ணுவோம். சார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இனி மறைக்க என்ன இருக்கிறது! ஆனால் சார் சொல்லிக்கொடுத்தது வேறு: "அங்கே ஒண்ணும் இல்லைன்னா அதுவும் ஒரு ரீடிங்தான்டா. எழுதி வை. அப்புறம் வேற ஸ்டேஷன்ல இருந்து பாரு." கார்ன்வாலில் இல்லை என்பது தோல்வி அல்ல, அதுவும் ஒரு ரீடிங். அங்கே திருமணப் பதிவுகளில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தேடியும் இல்லை என்றால், கல்யாணம் வேறு கவுன்ட்டியில் நடந்திருக்கலாம் என்றுதான் அர்த்தம். எந்தக் கவுன்ட்டி? அதுதான் கேள்வி.

இங்கே அந்த நாட்டு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். 1753-ல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர மற்றவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில்தான் திருமணம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் வாங்க வேண்டும். நாகர்கோவில், திருநெல்வேலி நண்பர்களுக்கு இது புதிதல்ல. மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறது என்பார்களே, அதேதான். மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு பங்கில் இருந்தால் இரண்டு இடத்திலும் ஓலை வாசிக்க வேண்டும். ஆனால் தாலி கட்டுவது, மன்னிக்கவும், மோதிரம் போடுவது ஓர் இடத்தில்தான். பெரும்பாலும் அது பெண்ணின் ஊராக இருக்கும்.

ஆக, கல்யாணத்தைத் தேடுகிறவன் பெண்ணின் ஊரில் தேட வேண்டும். ஆனால் பெண்ணின் ஊரைத் தெரிந்துகொள்ளக் கல்யாணப் பதிவு வேண்டும். முட்டை முதலா கோழி முதலா கதை. இந்த முடிச்சில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளிக் கவுன்ட்டியில் போய் ஏன் கல்யாணம் செய்தார்கள் என்று கேட்டால், காரணம் பல. முதல் காரணம் பிழைப்பு. சுரங்கக்காரன், சிப்பாய், மாலுமி, வீட்டு வேலைக்குப் போன பெண், இவர்கள் எல்லாம் போன இடத்தில் துணை தேடிக்கொண்டார்கள். இரண்டாவது, கவுன்ட்டி எல்லை என்பது காகிதத்தில் உள்ள கோடு. சந்தை அந்தப் பக்கம் இருந்தால் சம்பந்தமும் அந்தப் பக்கம்தான். டேமர் ஆற்றுக்கு மேற்கே இருந்தும் நார்த் பெதர்வின் என்ற ஊர் 1966 வரை டெவன் கணக்கில் இருந்தது. கார்ன்வாலுக்குத் தனி பிஷப்பே 1876 வரை கிடையாது, எல்லாம் ஆற்றைத் தாண்டி டெவனில் உள்ள எக்ஸெட்டர் பிஷப்பின் கீழ். ஆகவே கார்ன்வால்காரனின் காகிதத்தைத் தேடி எக்ஸெட்டருக்கும் போக வேண்டியிருக்கும். அங்கேயும் 1942-ல் ஜெர்மானியர் போட்ட குண்டில் உயில்கள் பெருமளவு எரிந்து போயின.

மூன்றாவது காரணம், சட்டத்துக்கு ஒளிவது. ஹார்ட்விக் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. ஆகவே பெற்றோர் சம்மதிக்காத ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். நமக்கு வேடிக்கையாக இருப்பது இன்னொன்று. மனைவி இறந்த பின் அவள் தங்கையைக் கட்டிக்கொள்வது இங்கிலாந்தில் 1907 வரை சட்டப்படி செல்லாது! நம்மூரில் பெரியவர்கள் கூடிப் பேசி முதலில் சொல்லும் யோசனையே அதுதான். அங்கே அப்படிச் செய்ய விரும்பியவர்கள், யாருக்கும் தங்களைத் தெரியாத தூரத்து ஊருக்குப் போய், அந்த ஊர்க்காரர்கள் மாதிரி எழுதிக் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டது உண்டு.

நம் வீட்டுக்காரரின் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் 1841-ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கின் படி ஒன்று இருந்தது. அதில் உறவு முறை போடவில்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள். பிறந்த ஊரும் கிடையாது. "இதே கவுன்ட்டியில் பிறந்தவரா?" என்று ஒரு கட்டம். ஆம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'. பென்சிலால் எழுதிய அந்தப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். கணவன் 25, ஒய். மனைவி 25, என். மூத்த பெண் குழந்தை 3, என். கைக்குழந்தை, ஒய்.

"சார், இந்த எழுத்தைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"அது ஏதோ ஆபீஸ் குறிப்புன்னு நெனைச்சேன்" என்றார்.

பதினான்கு வருடமாக அந்த 'என்' அவர் மேசையிலேயே இருந்திருக்கிறது. அம்மா வெளிக் கவுன்ட்டி. மூத்த பெண்ணும் வெளிக் கவுன்ட்டியில் பிறந்தவள். அந்த ஒரு எழுத்தில் அவர்கள் கல்யாணமே அடங்கியிருக்கிறது.

அடுத்து 1851 கணக்கு. அதில் உறவு முறை உண்டு, பிறந்த பங்கும் கவுன்ட்டியும் உண்டு. ஆனால் அதற்குள் மனைவி இறந்துவிட்டாள். அவள் பிறந்த ஊரை எழுத அவள் இல்லை. ஆனால் மூத்த மகள் இருந்தாள், வயது 13. பிறந்த ஊர்: டெவன், மேரி டேவி. அம்மாவின் ஊரைச் சொல்ல அம்மா இல்லாவிட்டாலும், அதைச் சொல்ல ஒரு மகள் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுப் பக்கம் போவது நம் வழக்கம் மட்டும் இல்லை. அங்கேயும் முதல் குழந்தையின் பிறப்பையோ ஞானஸ்நானத்தையோ தாய் ஊரில் தேடிப் பார் என்பது அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம்.

மேரி டேவி என்பது டேவிஸ்டாக் நகருக்குப் பக்கத்தில் உள்ள சுரங்க ஊர். அங்கே வீல் ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு பெரிய தாமிரச் சுரங்கம். ஜான் டெய்லர் என்ற இஞ்சினீயர் 1798-ல், பத்தொன்பது வயதில், அதன் மேலாளர் ஆனார். நாம் அந்த வயதில் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருந்தோம். 1817-ல் திறந்த டேவிஸ்டாக் கால்வாயும் அவர் வேலைதான். அதே ஜான் டெய்லர் 1819-ல் கார்ன்வாலின் குவெனப்பில் கன்சாலிடேட்டட் சுரங்கங்களை மறுபடி ஓட வைத்தார். இங்கேயும் அங்கேயும் ஒரே இஞ்சினீயர் என்றால் ஆட்கள் போய் வருவதில் ஆச்சரியம் என்ன? குவெனப் பையன் ஆற்றைத் தாண்டி மேரி டேவிக்குப் போன வழி எனக்குப் புலப்பட்ட மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1880களில் கோலார் தங்கவயலை எடுத்து நடத்தியது ஜான் டெய்லரின் பெயரைத் தாங்கிய அதே கம்பெனிதான். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் அங்கே வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து நம் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் போனார்கள். 2001-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. இந்தக் கூட்டத்திலேயே தங்கவயல் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கமே பதிவு செய்கிறது. மூத்த மகள் பிறந்தது அதற்குச் சற்றுப் பின்னால். பிறப்புச் சான்றிதழ் வரவழைத்தோம். அதில் தாயின் கன்னிப் பருவத்துக் குடும்பப் பெயர் இருக்கும். இருந்தது. வீட்டுக்காரர் அந்தப் பெயரை மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்து மேரி டேவி திருமண ஏடு. பார்த்தோம். கல்யாணம் இல்லை! ஓலை வாசித்த குறிப்பு மட்டும் இருந்தது, பெண் பீட்டர் டேவி பங்கைச் சேர்ந்தவள் என்று. பீட்டர் டேவி என்பது டேவி ஆற்றுக்கு அந்தப் பக்கம். எட்டி நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். மறுபடியும் பெண் ஆற்றுக்கு அக்கரையில்தான். அங்கே தேடினோம். கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. அந்த ஏட்டில் கார்ன்வால் என்ற பேச்சே இல்லை. மாப்பிள்ளை "மேரி டேவி பங்கினர்" என்றுதான் எழுதியிருந்தது. ஏடு சொல்வது அன்றைக்குக் குடியிருந்த இடத்தை, பிறந்த இடத்தை அல்ல. அப்படியானால் இது நம் ஆள்தான் என்று எப்படித் தெரியும்? ட்ராவர்ஸை க்ளோஸ் பண்ண வேண்டும் அல்லவா? சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தோம். சாட்சி போட்டவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் அண்ணன், குவெனப் ஞானஸ்நான ஏட்டில் வீட்டுக்காரர் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்த பெயர். க்ளோஸ் ஆகிவிட்டது, ஒரு ரீடிங்கையும் மாற்றாமல்.

மாப்பிள்ளை கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். பெண் தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள். கொஞ்சம் நடுங்கிய, ஆனால் தெளிவான எழுத்து. வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க குடும்பத்துல முதல்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவ இவதான். இவளைத்தான் நாங்க விட்டுட்டோம்" என்றார். பிறகு என்னையே அந்தக் காலிக் கட்டத்தில் எழுதச் சொன்னார்.

எழுதி முடித்ததும் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்க வீட்டுல இந்தக் கட்டத்துல என்ன பேரு?"

நான் கணக்குப் போட்டேன். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா, அதற்கு மேலும் இரண்டு ஆண்கள், வரிசையாகச் சொன்னேன். கொள்ளுத் தாத்தாவின் மனைவி? வாய் வரவில்லை. அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, உங்க அப்பாயி பேரு என்ன?"

"அக்கரையாயி."

"அது ஊரு வச்ச பேருப்பா. நெசப் பேரு?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலையேப்பா. நான் அவங்க மடியில வளர்ந்தவன். ஆனா யாரும் அவங்களை வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே" என்றார்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்குத் தென்கரை. அந்தக் காலத்தில் தென்கரை தஞ்சாவூர் ஜில்லா, வடகரை திருச்சினாப்பள்ளி ஜில்லா. அவர் ஓடத்தில் ஏறி வடகரையிலிருந்து வாழ வந்தவர். இறங்கிய நாளிலிருந்து அக்கரைக்காரி. பிள்ளை பெற்றதும் அக்கரையாயி. இங்கிலாந்தில் பெண்ணின் ஊர் தொலைந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் ஊர் இருந்தது, பெயரைத் தொலைத்துவிட்டோம்.

விடுமுறையில் வந்தபோது வீட்டுப் பெட்டியைத் தூசி தட்டினேன். ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல் இருந்தது. அத்தைப் பாட்டியின் கல்யாணத்துக்காக விற்ற நிலம், அக்கரை நிலம். "வித்துப்போன நிலத்துக் காகிதம், அதை எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்னு விட்டுட்டோம்" என்றார் அப்பா. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பத்திரம் பதிய வேண்டும். ஆகவே எங்கள் ஊர்க் கச்சேரியில் தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது. நகலின் முதல் வரியிலேயே இருந்தது: இன்னார் குமாரத்தியும் இன்னார் மனைவியுமான இன்னார், "என் தகப்பனாரால் எனக்கு மஞ்சக்காணியாகக் கொடுக்கப்பட்டு" என்று. கடைசியில் எழுதிக் கொடுத்தவர் கையொப்பம் என்ற இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்ற குறிப்பு. தனக்கென்று இருந்த ஒரே நிலத்தைப் பெண்ணுக்காக விற்றவர். அவர் பெயரை நாங்கள் யாரும் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை.

எண்பதை நெருங்கும் என் அப்பா அந்தப் பெயரை வாசித்துவிட்டு, வீட்டுக்கார வெள்ளைக்காரர் மாதிரியே, சத்தமாக மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அந்தப் பெயரை இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. முதலில் எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் அது பழகட்டும்.

நண்பர்களே, இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் திருமணச் சான்றிதழில்கூட மணமக்களின் அப்பா பெயர்தான் இருந்தது. அம்மா பெயருக்கு இடம் வந்தது 2021 மே மாதத்தில்தான். உலகம் முழுக்க ஆண்கள் எழுதிய ஏடு ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நான் உங்களைக் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் அப்பாவின் அம்மா, அம்மாவின் அம்மா, அவர்களின் அம்மாக்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே குறி போடுங்கள். வயதான அத்தை, பெரியம்மாவைக் கேளுங்கள். கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய பத்திரத்தை, விற்றுப்போன நிலத்துப் பத்திரமாக இருந்தாலும், முழுவதும் வாசியுங்கள். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள். இக்கரையில் கிடைக்கவில்லையா, சோர்ந்துவிடாதீர்கள். இல்லை என்பதும் ஒரு ரீடிங். ஆற்றைத் தாண்டிப் போய்ப் பெண்ணின் ஊரில் தேடுங்கள்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.